எம்டி0 ஏன் எம்டி127 ஆகிறது: ரெய்டு டிஸ்குக்குக் கர்னல் பெயர் வைக்கும் விதம்

லினக்ஸ் மெஷினை ஒருதரம் அணைத்துப் போட்டதும், நேற்றுவரை எம்டி0 என்று இருந்த ரெய்டு டிஸ்க் காணாமல் போய், அதற்குப் பதிலாக எம்டி127 என்று ஒன்று வந்து நிற்கும். இதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோக்களில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஒரே அளவில் இரண்டு டிஸ்கைப் போட்டு, ரெய்டு 1 கட்டி (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதி, ஒரே டிஸ்காகக் காட்டும் ஏற்பாடு), வருஷக்கணக்கான கல்யாண வீடியோவையும் ஆல்பத்தையும் அதில்தான் வைத்திருப்பார்கள். குளச்சலில் மீன் கணக்கு எழுதுகிற ஆபீஸிலும் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்குகிற கடையிலும் இதே ஏற்பாடுதான். ஐப்பசி மழையில் இடி விழுந்து மதர்போர்டு போகும், டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுவார்கள், உடனே போன் வரும்: "அண்ணே, எம்டி சைபரக் காணல்ல, நூத்தி இருவத்தேழுன்னு வேற என்னமோ ஒண்ணு கெடக்கு."

"மக்கா, ஒண்ணும் அடிக்காத. அப்பிடியே விடு." முதல் பதில் எப்போதும் இதுதான்.

ஏனென்றால் அந்த நிலையில் டேட்டா பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும், மாறினது பெயர் மட்டும். டேட்டா போவது அதற்கு அப்புறம், பயத்தில் எங்கேயோ படித்த கிரியேட் கட்டளையை அடித்து, பழைய எம்டி0-வைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கும்போதுதான். அதனால் இந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது, யார் வைக்கிறார்கள், எதற்காக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் 127-ஐப் பார்த்துக் கை நடுங்க வேண்டியதில்லை.

லினக்ஸின் உள்மையமான கர்னலுக்குப் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. டிஸ்க் மாதிரி டேட்டா வைக்கும் ஒவ்வொரு பிளாக் சாதனத்துக்கும் அது இரண்டு எண் வைத்திருக்கிறது: மேஜர், மைனர். இது எந்த டிரைவரின் சாதனம் என்று மேஜர் சொல்லும், அந்த டிரைவரிடம் உள்ளவற்றில் இது எது என்று மைனர் சொல்லும். எஸ்டிஏ, எஸ்டிபி மாதிரியான டிஸ்குகளுக்கு மேஜர் 8, ஒவ்வொரு டிஸ்குக்கும் 16 மைனர் ஒதுக்கீடு. மென்பொருள் ரெய்டைப் பார்த்துக்கொள்கிற எம்டி டிரைவருக்கு மேஜர் 9. எம்டி0 என்றால் 9, 0. எம்டி127 என்றால் 9, 127. அவ்வளவுதான். அந்த எண்ணில் ரெய்டைப் பற்றிய வேறு எந்தத் தகவலும் இல்லை, எத்தனை டிஸ்க், எந்த வகை, யாருடைய டேட்டா, எதுவுமே இல்லை.

நிஜமான டிஸ்குக்கும் ரெய்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிஸ்க் என்றால் கேபிளின் அந்த முனையில் ஒரு பொருள் இருக்கிறது, கன்ட்ரோலர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும், கர்னல் கண்ட வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று போட்டுக்கொண்டே போகும். (அந்த வரிசையும் நம்பத்தகுந்தது இல்லை. டிஸ்குகளை ஒரே நேரத்தில் தேடுவதால் எது முதலில் பதில் சொல்கிறதோ அதற்கு முதல் எழுத்து, ஒரு யுஎஸ்பி டிஸ்கைச் செருகி வைத்துக்கொண்டு ஆன் பண்ணினாலே எழுத்து மாறிப்போகலாம்.) ரெய்டுக்கு அப்படி ஒரு பொருளே இல்லை. இந்த இரண்டு டிஸ்கும் சேர்ந்து ஒன்று என்று யாராவது கர்னலிடம் வந்து சொன்னால்தான் அது உண்டாகும். அப்படியானால் சொல்வதற்கு முன்னால் எம்டி0 என்ற சாதனம் இருக்கிறதா இல்லையா? சொல்ல வேண்டுமென்றால் எம்டி0-வைத் திறந்துதானே சொல்ல வேண்டும், இல்லாத ஒன்றை எப்படித் திறப்பது?

எம்டி டிரைவர் இதற்குப் பழைய காலத்தில் கண்டுபிடித்த வழி, திறந்தாலே உண்டாகும் என்பது. மேஜர் 9, மைனர் 0 என்று ஒரு நோடை (சாதனத்தைக் குறிக்கும் கோப்பை) /டெவ் அடியில் உருவாக்கி, ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்தால் போதும், அப்படி ஒரு சாதனம் இல்லையென்றால் கர்னல் அந்த நொடியே காலியாக ஒன்றை உண்டாக்கிக் கையில் கொடுத்துவிடும். அளவு பூஜ்யம், உள்ளே ஒரு டிஸ்கும் இல்லை. அதன்பிறகு ரெய்டு கட்டும் நிரல் ஐஆக்டில் என்ற கர்னல் அழைப்பு வழியாக மூன்று விஷயம் சொல்லும். இந்த ரெய்டின் விவரம் இது, இந்த டிஸ்கைச் சேர்த்துக்கொள் (டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒருதரம்), இனி ஓடு. ஓடு என்று சொன்னபிறகுதான் அளவு வரும், பார்ட்டிஷன் வரும், மவுண்ட் பண்ணி உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்க முடியும்.

நோடுகளை எல்லாம் கையால் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்த காலத்தில் இந்த ஏற்பாடு அழகாக ஓடியது. யுடெவ் வந்த பிறகுதான் சிக்கல். யுடெவின் வேலை என்னவென்றால், கர்னல் ஒரு சாதனத்தைப் பற்றிச் செய்தி அனுப்பியதும் ஓடிப்போய் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பது. இப்போது யோசித்துப் பாருங்கள், நீங்கள் ரெய்டை நிறுத்துகிறீர்கள், கர்னல் "மாற்றம்" என்று ஒரு செய்தி அனுப்புகிறது, யுடெவ் அதைக் கேட்டு வழக்கம்போல எம்டி0-வைத் திறக்கிறது, அதற்குள் கர்னல் பழைய எம்டி0-வை அழித்து முடித்திருக்கிறது, ஆனால் திறந்தாலே உண்டாகும் என்ற விதி அப்படியே இருப்பதால் காலியாக இன்னொரு எம்டி0 பிறந்துவிடுகிறது! நிறுத்தினது போகவே மாட்டேன் என்கிறது என்று பலர் தலையைச் சொறிந்தது இதனால்தான். இரண்டு பேர் முந்திக்கொள்ளும் பந்தயம் என்பதால் சில சமயம் வரும், சில சமயம் வராது. இந்த மாதிரிப் பிழைதான் இருப்பதிலேயே மோசம், பத்துதரம் சோதித்தாலும் சிக்காது.

அதனால் புதிய வழி ஒன்றைச் சேர்த்தார்கள். எம்டி மாட்யூலின் சிஸ்எஃப்எஸ் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அளவுருக்களில் "நியூ அரே" என்று ஒன்று இருக்கிறது. எந்த நோடையும் திறக்காமல், அதில் எம்டி5 என்றோ எம்டி_கல்யாணம் மாதிரி அடிக்கோடு வைத்த ஒரு பெயரையோ எழுதினால் கர்னல் சாதனத்தை உண்டாக்கிவிடும் (பெயரை நிஜத்தில் ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்). எண் கொடுத்தால் அந்த மைனர், அது ஏற்கெனவே யாரிடமும் இருக்கக்கூடாது. பெயர் கொடுத்தால் 512-லிருந்து மேலே காலியாக இருக்கும் ஏதோ ஒரு மைனரைக் கர்னல் தானே எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரையே சாதனத்தின் பெயராக வைத்துவிடும். அப்புறம் 2017-ல், திறந்தாலே உண்டாகும் பழக்கத்தை வேண்டாம் என்று அணைத்து வைக்க ஒரு சுவிட்சும் வந்தது. சொல்லி உண்டாக்குவதுதான் சரியான வழி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது, கதவைத் தட்டினதும் வீடு முளைக்கிற மாதிரி ஒரு விதியை எந்த நிரலும் எதிர்பார்க்காது. ஆனால் கர்னலில் ஒரு தடவை வந்துவிட்ட பழக்கத்தை அத்தனை சுலபமாக எடுக்க முடியாது, பழைய நிரல்கள் அதை நம்பி எழுதப்பட்டிருக்கும், அதனால்தான் அகற்றாமல் சுவிட்ச் வைத்தார்கள்.

சரி, சாதனம் உண்டாகும் விதம் இது. எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்?

ஆரம்பத்தில் ரெய்டுடூல்ஸ் என்று ஒரு தொகுப்பு இருந்தது, ரெய்டுடேப் என்ற கோப்பில் எம்டி0 என்றால் இன்ன டிஸ்குகள் என்று நாமே எழுதி வைக்க வேண்டும். எஸ்டிஏ எஸ்டிபி ஆகிவிட்டால் அந்தக் கோப்பு பொய்யாகிவிடும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு ஓரத்தில் அந்த ரெய்டின் விவரத்தை எழுதி வைத்தார்கள், அதுதான் சூப்பர்பிளாக். எந்த ரெய்டு, எத்தனை டிஸ்க், இது எத்தனையாவது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது, இதெல்லாம் அதில் இருக்கும். 0.90 என்ற பழைய வடிவத்தில், இந்த ரெய்டுக்கு விருப்பமான மைனர் எண் இது என்பதும் உண்டு. அப்போது கர்னலே ரெய்டைத் தேடிப்பிடிக்கும் வசதியும் இருந்தது, இன்னமும் இருக்கிறது: எம்டி டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேர்ந்திருந்து, பார்ட்டிஷன் வகை எஃப்டி என்று போட்டிருந்தால், பூட் ஆகும்போதே கர்னல் அந்தப் பார்ட்டிஷன்களைப் படித்து, ஒரே ரெய்டைச் சேர்ந்தவற்றைக் கூட்டி, விருப்பமான எண்ணில் ஓட விட்டுவிடும். வெளியிலிருந்து எந்த நிரலின் உதவியும் வேண்டாம். கேட்கவே சுகமாக இருக்கிறது.

சுகம் எதுவரை என்றால், ஒரு மெஷினின் டிஸ்கை இன்னொரு மெஷினில் மாட்டும்வரை. தக்கலைக் கடை மெஷினில் ஒரு எம்டி0, மார்த்தாண்டத்துக் கடை மெஷினிலும் ஒரு எம்டி0. முதல் மெஷினின் போர்டு இடியில் போய்விட்டது, டிஸ்கை இரண்டாவது மெஷினில் மாட்டி ஆன் பண்ணுகிறீர்கள். இரண்டு ரெய்டும் தனக்கு 0 வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. கர்னலுக்கு எது வீட்டுக்காரன், எது விருந்தாளி என்று தெரிய எந்த வழியும் இல்லை. முதலில் கண்ணில் பட்டது எம்டி0 ஆகும், மற்றதற்கு அந்த எண் கிடைக்காது. சிஸ்டமே இருக்கும் ரூட் கோப்பமைப்பு எம்டி0-வில் இருந்தால், அடுத்தவன் டிஸ்கிலிருந்து பூட் ஆகப் பார்ப்பதுகூட நடக்கும். கர்னலுக்குள் இந்த முடிவை வைக்கக்கூடாது என்று ஆனதற்குக் காரணம் இதுதான். எது நம்முடையது, எதை எழுப்ப வேண்டும், எதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் அந்தந்த மெஷினின் கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம், அதைக் கர்னலுக்கு வெளியே ஒரு நிரல் முடிவு செய்யட்டும், கர்னல் சொன்னதைச் செய்யட்டும். நீல் பிரவுன் எழுதிய எம்டிஏடிஎம் என்ற நிரல் ரெய்டுடூல்ஸின் இடத்தைப் பிடித்தது, முடிவெடுக்கும் பொறுப்பு முழுக்க அதன் தலையில் வந்தது. கர்னல் தானே தேடும் வசதி 0.90 வடிவத்தோடு நின்றுவிட்டது, புதிய வடிவங்களை அது பார்ப்பதே இல்லை.

புதிய வடிவம் என்றால் 1.0, 1.1, 1.2. மூன்றிலும் உள்ளடக்கம் ஒன்றுதான், எழுதி வைக்கும் இடம்தான் வேறு. 1.0 டிஸ்கின் கடைசியில், 1.1 ஆரம்பத்தில், 1.2 ஆரம்பத்திலிருந்து 4 கேபி தள்ளி. இன்று எம்டிஏடிஎம் தானாக எடுத்துக்கொள்வது 1.2. பழைய 0.90-ல் 28 டிஸ்குக்கு மேல் சேர்க்க முடியாது, டிஸ்க் ஒன்றின் அளவுக்கும் 2 டெராபைட் என்று ஒரு எல்லை இருந்தது (பின்னால் வந்த கர்னலில் அது 4 ஆனது). போதாக்குறைக்கு அந்தச் சூப்பர்பிளாக் டிஸ்கின் கடைசியில் இருப்பதால், அது முழு டிஸ்குடையதா, இல்லை கடைசிப் பார்ட்டிஷனுடையதா என்று சில சமயம் குழப்பம் வேறு வரும். ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியம் இவை எதுவும் இல்லை. 1.x-ல் விருப்பமான மைனர் எண் என்ற இடமே கிடையாது. அதற்குப் பதிலாக 32 எழுத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, கூடவே 128 பிட் யுயுஐடி, அதாவது வேறெதற்கும் வராத ஒரு தனி அடையாள எண்.

அந்தப் பெயரை எம்டிஏடிஎம் இரண்டு பாகமாக எழுதும்: மெஷின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ரெய்டின் பெயர். ஸ்டுடியோ என்ற மெஷினில் எம்டி0 என்று கட்டினால் சூப்பர்பிளாக்கில் "ஸ்டுடியோ:0" என்று பதியும். அடுத்த தடவை டிஸ்குகளைச் சேர்க்கும்போது எம்டிஏடிஎம் மெஷின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் இது உள்ளூர் ரெய்டு, கேட்ட 0-வையே கொடுக்கிறது. பொருந்தாவிட்டால் வெளியூர் ரெய்டு. அதை எழுப்ப மாட்டேன் என்று சொல்லாது, எழுப்பும், ஆனால் உள்ளூர்க்காரர்களின் எண்ணைத் தொடாமல் ஒரு மூலையில் வைக்கும். அந்த மூலைதான் 127. காலி எண் தேடும்போது எம்டிஏடிஎம் 127-ல் ஆரம்பித்துக் கீழே 126, 125 என்று இறங்கும். மனிதர்கள் 0, 1, 2 என்று மேலே ஏறுவார்கள், நிரல் மேலிருந்து இறங்கும், இரண்டும் மோதிக்கொள்ளாது. /டெவ்/எம்டி அடியில் வரும் இணைப்பிலும், பெயருக்குப் பின்னால் _0 ஒட்டியிருக்கும் அல்லது பழைய மெஷின் பெயர் முன்னால் நிற்கும், வெளியூர் என்று அடையாளம் காட்ட.

ஆக, எம்டி127 என்றால் பழுது என்று அர்த்தமில்லை. உன் ரெய்டை எழுப்பிவிட்டேன், ஆனால் உனக்கு எந்த எண் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் அது சொல்வது. முட்டத்துக் கரையில் வள்ளத்தை இன்று ஒரு இடத்திலும் நாளை வேறு இடத்திலும் இழுத்துப் போடுவார்கள், இடத்தை வைத்து யாரும் வள்ளத்தை அடையாளம் சொல்வதில்லை, பக்கப் பலகையில் எழுதிய பதிவு எண்ணைத்தான் பார்ப்பார்கள். மைனர் எண் அந்த இடம், யுயுஐடி அந்தப் பதிவு எண்.

மெஷின் மாறாமலே 127 வருவது எப்படி என்று கேட்கலாம், அதுதான் அதிகம் நடக்கிறது. பூட் ஆகும்போது ரூட் கோப்பமைப்பு வருவதற்கு முன்னால் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு சின்னக் கோப்பமைப்பு ஓடும், ரெய்டைச் சேர்க்கும் வேலை அங்கேயே நடந்துவிடும். அதற்குள் இருப்பது எம்டிஏடிஎம் உள்ளமைவுக் கோப்பின் நகல், நீங்கள் எப்போது அந்த இனிட்ராம்எஃப்எஸை உண்டாக்கினீர்களோ அப்போதைய நகல். ரெய்டைப் புதிதாகக் கட்டி, கோப்பில் வரியையும் சேர்த்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸைப் புதுப்பிக்காமல் விட்டால், பூட் நேரத்தில் பழைய நகல்தான் பேசும், அதில் இந்த ரெய்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அந்தக் கட்டத்தில் மெஷினுக்குத் தன் பெயரே இன்னும் தெரியாமலும் இருக்கலாம், அப்போது "ஸ்டுடியோ:0" என்பது வெளியூராகத்தான் தோன்றும். மெஷினின் பெயரை மாற்றினாலும் இதே கதை. மாலையில் ரெய்டு கட்டி எம்டி0 என்று வேலை செய்துகொண்டிருந்தது, காலையில் கரண்ட் போய் வந்ததும் 127 என்றால், பத்தில் ஒன்பது தடவை காரணம் இந்தப் பழைய நகல்தான்.

127-ஆக வந்த ரெய்டு பல சமயம் "ஆட்டோ ரீட் ஒன்லி" என்றும் காட்டும். அதைப் பார்த்தும் பயம் வேண்டாம். யாரும் எழுதாதவரை சூப்பர்பிளாக்கைக்கூடத் தொடாமல், மறு ஒத்திசைவும் ஆரம்பிக்காமல் கர்னல் காத்திருக்கிற நிலை அது, முதல்தடவை எதையாவது எழுதியதும் தானே மாறிவிடும். உண்மையில் நமக்கு அது நல்லது, யோசிக்க நேரம் கிடைக்கிறது.

இப்போதைய லினக்ஸில் இந்தச் சேர்க்கும் வேலை ஒரே மூச்சில் நடப்பதில்லை. டிஸ்க் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்போது யுடெவ் விதி எம்டிஏடிஎம்மைக் கூப்பிட்டு இதோ ஒன்று வந்திருக்கிறது என்று கொடுக்கும், அது சூப்பர்பிளாக்கைப் படித்து உரிய ரெய்டில் சேர்த்து வைக்கும், தேவையான எல்லாம் வந்ததும் ஓட விடும். ஒன்று வரவே இல்லையென்றால்? சிஸ்டம்டி உள்ள மெஷின்களில் ஒரு டைமர் 30 விநாடி காத்திருந்து, அப்புறம் இருப்பதை வைத்து ஓட விடும். இரண்டு டிஸ்க் ரெய்டில் ஒன்று செத்துப்போனால் பூட் திடீரென்று தாமதமாவது இதனால்தான். ரெய்டு ஓட ஆரம்பித்ததும் இன்னொரு யுடெவ் விதி, யுயுஐடி வைத்தும் பெயர் வைத்தும் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடியில் இணைப்புகளைப் போடும். இந்த இணைப்புகள் எந்த மெஷினில் மாட்டினாலும் அதே ரெய்டைத்தான் காட்டும்.

பார்ட்டிஷன் விஷயம் ஒன்று பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்காக. ஒரு காலத்தில் சாதாரண எம்டி0-வுக்குள் பார்ட்டிஷன் போட முடியாது, அதற்கென்று எம்டி_டி0 என்று தனி வகைச் சாதனம், வேறு மேஜர், ஒவ்வொன்றுக்கும் 64 மைனர். 2.6.28 கர்னலிலிருந்து எல்லா எம்டி சாதனத்துக்குள்ளும் பார்ட்டிஷன் போடலாம் என்று ஆகிவிட்டது, எம்டி0பி1, எம்டி0பி2 என்று வரும். எம்டி_டி0 என்று எங்காவது கண்டால் அது அந்தக் காலத்து மிச்சம். மதர்போர்டின் பயாஸிலேயே இன்டெல் ரெய்டு கட்டியிருந்தால் எம்டி127, எம்டி126 என்று இரண்டு வரும், ஒன்று டிஸ்குகளை வைத்திருக்கும் வெறும் கொள்கலன், மற்றது உள்ளே இருக்கும் நிஜமான ரெய்டு. மவுண்ட் ஆவது இரண்டாவதுதான்.

மற்ற கர்னல்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால் லினக்ஸின் வழி எவ்வளவு சுற்றுவழி என்று புரியும். ஃப்ரீபிஎஸ்டியில் ஜியோம் என்ற அமைப்பு இருக்கிறது, புதிதாக ஒரு டிஸ்க் வந்தால் அதன் ஒவ்வொரு வகுப்பும் அதைச் சுவைத்துப் பார்க்கும், ஜிமிரர் தன் விவரத்தைக் கடைசிச் செக்டரில் கண்டால் அதில் எழுதியிருக்கும் பெயரிலேயே /டெவ்/மிரர் அடியில் சாதனத்தை உண்டாக்கிவிடும். எண் என்ற பேச்சே இல்லை, கர்னலே பெயரை வைக்கிறது. பெயரைப் பொறுத்தவரை எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, மூன்று அடுக்கில் கோப்பும் விதியும் நகலும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. (ஃப்ரீபிஎஸ்டியிலும் எம்டி0 என்று ஒன்று வரும், அது நினைவகத்தில் உண்டாக்கும் டிஸ்க், ரெய்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) ஓபன்பிஎஸ்டியில் சாஃப்ட்ரெய்டு கட்டினால் அது இன்னொரு சாதாரண எஸ்டி டிஸ்க் மாதிரியே வந்து உட்காரும், எஸ்டி0, எஸ்டி1 இரண்டையும் சேர்த்தால் எஸ்டி2. எண் மாறும் என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் எதை எங்கே மவுண்ட் பண்ணுவது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேபில் டிஸ்கின் தனி அடையாளமான டியுஐடி-யைத்தான் எழுதுவார்கள். லினக்ஸிலேயே டிவைஸ் மேப்பர் (டிஸ்குகளைச் சேர்த்துப் புதுச் சாதனம் காட்டும் இன்னொரு கர்னல் பகுதி) கொஞ்சம் வேறு மாதிரி, டிஎம்-0, டிஎம்-1 என்று கர்னல் எண் ஓடினாலும் கூடவே பெயரையும் அது தன்னிடமே வைத்துக்கொள்கிறது. டிஸ்க் இடத்தைப் பங்கு போடும் எல்விஎம்மில் கட்டும் ரெய்டு அந்த வழியில்தான் பெயர் பெறுகிறது, உள்ளே ஓடுவது எம்டி டிரைவரின் அதே ரெய்டு நிரல்தான். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் கோப்பமைப்புக்குள்ளேயே டிஸ்குகளைச் சேர்த்துக்கொள்வதால் மொத்தத்துக்கும் ஒரு பிளாக் சாதனம் என்று தனியாக எதையும் உண்டாக்குவதில்லை.

இனி அந்தக் கிரியேட் கட்டளை. எம்டிஏடிஎம்மில் அசெம்பிள் என்றால் டிஸ்கில் எழுதியிருப்பதைப் படித்துச் சேர்ப்பது. கிரியேட் என்றால் எழுதியிருப்பதை மதிக்காமல் புதிதாக எழுதுவது. பழைய ரெய்டு ஒன்று இருக்கிறதே, தொடரட்டுமா என்று ஒரு கேள்வி கேட்கும், பயத்தில் இருக்கிறவர் ஒய் என்று தட்டிவிடுவார். அந்த நொடியில் பழைய யுயுஐடி, பெயர், டிஸ்க் வரிசை, டேட்டா எங்கே ஆரம்பிக்கிறது என்ற குறிப்பு எல்லாம் போய்விடும். இந்தக் கடைசி விஷயம்தான் கழுத்தை அறுப்பது. பழைய எம்டிஏடிஎம் கட்டிய 1.2 ரெய்டில் டேட்டா 1 எம்பி தள்ளி ஆரம்பிக்கலாம், புதியது கட்டினால் 128 எம்பி தள்ளி ஆரம்பிப்பது சகஜம். அதே இரண்டு டிஸ்க், அதே ரெய்டு 1, ஆனாலும் உள்ளே பார்த்தால் கோப்பமைப்பு இல்லை என்று சொல்லும், ஏனென்றால் தப்பான இடத்திலிருந்து படிக்கிறது. இதற்குள் பின்னணியில் ஒத்திசைவு வேறு ஆரம்பித்து, ஒரு டிஸ்கில் இருப்பதை மற்றதன் மேல் எழுதிக்கொண்டிருக்கும். ஒரு டிஸ்க் சில மாதத்துக்கு முன்பே ரெய்டிலிருந்து விழுந்து, யாரும் கவனிக்காமல் மற்றதில் மட்டும் வேலை நடந்திருந்தால், பழைய டிஸ்க் புதிய டிஸ்கின் மேல் போய் விழலாம். விழுந்தால் இடைப்பட்ட மாதங்களின் கல்யாணம் அத்தனையும் போச்சு. அசெம்பிள் இந்தத் தப்பைச் செய்யாது, சூப்பர்பிளாக்கில் நிகழ்வு எண்ணிக்கை என்று ஒன்று உண்டு, எது பின்தங்கியிருக்கிறதோ அதை விட்டுவிட்டு முன்னால் இருப்பதை வைத்துத்தான் எழுப்பும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஜெனரேட்டரில் விட்டு விட்டு மெஷின் ஓட்டினார்களே, அந்த மாதிரிச் சமயங்களில் டிஸ்குகள் ஒன்றுக்கொன்று பின்தங்குவது ரொம்பச் சாதாரணம்.

அதனால் 127-ஐக் கண்டால் முதலில் /ப்ராக்/எம்டிஸ்டாட்டைப் படியுங்கள். இரண்டு யு தெரிந்தால் இரண்டு டிஸ்கும் ஓடுகிறது, ஒரு யு-வும் ஒரு கோடும் என்றால் ஒன்று இல்லை. அப்புறம் எக்ஸாமின் கட்டளையால் ஒவ்வொரு டிஸ்கின் சூப்பர்பிளாக்கையும் படிக்கச் சொல்லுங்கள், அது எதையும் எழுதாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம். யுயுஐடி இரண்டிலும் ஒன்றா, நிகழ்வு எண்ணிக்கை ஒன்றா, பெயரில் எந்த மெஷின் இருக்கிறது என்று பாருங்கள். சரியாக இருந்தால் எம்டி127-ஐயே படிக்க மட்டும் என்று மவுண்ட் பண்ணி உள்ளே கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம், பெயர் 127 என்பதால் டேட்டாவுக்கு ஒரு குறையும் இல்லை.

நிரந்தரமாகச் சரிசெய்வது சின்ன வேலைதான். எஃப்எஸ்டேபில் எம்டி0 என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கோப்பமைப்பின் யுயுஐடியை எழுதுங்கள். ரெய்டின் யுயுஐடி வேறு, கோப்பமைப்பின் யுயுஐடி வேறு, மவுண்டுக்கு வேண்டியது இரண்டாவது. இதைச் செய்துவிட்டாலே எண் என்னவானாலும் மெஷின் எழும்பும். எம்டி0 என்ற பெயரே வேண்டும் என்றால், ஸ்கேன் கட்டளை தரும் அரே வரியை எம்டிஏடிஎம் உள்ளமைவுக் கோப்பில் சேர்த்து, அதில் எம்டி0 என்றும் ரெய்டின் யுயுஐடியும் மட்டும் இருந்தால் போதும், பழைய மெஷின் பெயர் வேண்டாம். டெபியன், உபுண்டுவில் அந்தக் கோப்பு /ஈடிசி/எம்டிஏடிஎம் அடியில் இருக்கும், ஃபெடோரா வழியில் வந்தவற்றில் /ஈடிசி-யிலேயே. உடனே இனிட்ராம்எஃப்எஸைப் புதுப்பிக்க வேண்டும், இதை விட்டால் மற்ற எல்லாம் வீண். வேறு மெஷினுக்கு நிரந்தரமாகக் குடிபோன ரெய்டு என்றால், அசெம்பிள் பண்ணும்போதே ஹோம்ஹோஸ்டைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டால் புது மெஷின் பெயர் சூப்பர்பிளாக்கில் பதிந்து, அதுவும் உள்ளூர் ஆகிவிடும்.

எக்ஸாமின் தரும் விவரத்தை ஒரு தாளில் அச்செடுத்துக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டி வைக்கச் சொல்லி நான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். யுயுஐடி, டேட்டா ஆரம்பிக்கும் இடம், எந்த டிஸ்க் எத்தனையாவது என்று அதில் இருக்கும், போர்டு எரிந்த அன்று ராத்திரி அந்தத் தாள்தான் கை கொடுக்கும். எல்லாம் முடிந்ததும் ஒருதரம் ரீபூட் பண்ணி, இரண்டு யு-வும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கேபினட்டை மூடுங்கள்.